யாருடைய சம்மதம்? ஹெய்ட்டி நாட்டில் அமைதி காக்கும் படைகள்

‘அமைதி காக்கும் படை’ என்னும் தொடர் செய்தித்தாள் படிப்போர் யாவருக்கும் பழகிப்போன ஒன்று. ஆயினும் 1945-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற ஐக்கிய நாடுகள் பட்டயத்தில் இத்தொடர் எவ்விடத்தும் காணப்படுவதில்லை. பட்டயத்தின் ஆறாம் அதிகாரம் பிணக்குகளைப் பேசித் தீர்த்தலைப் பற்றியது. ஏழாம் அதிகாரம் அமைதியைக் குலைப்போர்மீது படைவலிமையைப் பயன்படுத்துதலைப் பற்றியது. 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி எழுந்தபோது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாகிய ஒரு வழி வகுக்கப்பட்டது. கனடா நாட்டு லெஸ்டர் பியர்சனும் பொதுச் செயலாளராயிருந்த டாக் ஹாமர்ஷீல்டும் அதனை உருவாக்கியவர்கள். இப்படைகளுக்கு அந்நாள் முதல் மூன்று நெறிகள் கூறப்பட்டு வருகின்றன: சம்பந்தப்பட்ட நாட்டின் சம்மதம் வேண்டும்; படை எப்பக்கமும் சாயலாகாது; தற்காப்புக்கு அன்றி ஆயுதத்தைப் பயன்படுத்தலாகாது.

இரு நாடுகள் போரிட்டு ஓய்ந்து, நடுவே ஒரு கோடு வரைந்து, அக்கோட்டில் நீலத் தலைக்கவசம் அணிந்தோரை நிறுத்தும்போது இந்நெறிகள் ஓரளவு பொருந்துவனவே. ஆனால் ஒரு நாட்டின் ஆட்சி கவிழ்க்கப்பட்டு, அரசர் அல்லது குடியரசுத் தலைவர் நாட்டைவிட்டு அகற்றப்பட்டபின் அங்குப் படை செல்லுமாயின் நிலை வேறு. அங்கே சம்மதம் தரவேண்டியவர் யார்? அகற்றப்பட்டவரா, அவருடைய இடத்தில் அமர்ந்தவரா? சாயாதிருத்தல் என்றால் எவ்விருவருக்கிடையே? 1960-இல் காங்கோ நாட்டில் இவ்வினாக்கள் எழுந்தன. பிரதமர் லுமும்பா தாமே அழைத்த படை நாட்டில் இருக்கும்போதே பதவியிழந்து, பிடிபட்டு, 1961 ஜனவரியில் கொல்லப்பட்டார். காங்கோவின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். இக்கட்டுரை வேறொரு நாட்டை எடுத்துக்கொள்கிறது. கரிபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி, பத்தாண்டு இடைவெளியில் இருமுறை இவ்வினாவைச் சந்தித்தது. இருமுறையும் கவிழ்ந்தவர் ஒருவரே. அவர் ஒரு குருவானவர் என்பதும் நாம் கவனிக்கத்தக்கது.

நாட்டின் முன்வரலாறு

ஹெய்ட்டி அடிமைகள் தாமே போராடி நிறுவிய குடியரசு. 1791-இல் தொடங்கிய கிளர்ச்சி 1804 ஜனவரி 1-ஆம் நாள் விடுதலை அறிக்கையில் முடிந்தது. விடுதலைக்கு அவர்கள் செலுத்திய விலை இரத்தம் மட்டுமன்று. 1825-இல் பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, நிலங்களையும் அடிமைகளையும் இழந்த பிரெஞ்சுக்காரருக்கு ஈடாகப் 15 கோடி பிராங்கு கோரினார். பின்னர் 1838-இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அத்தொகையைச் செலுத்தவென வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது. அடிமையாயிருந்தவன் தன் விடுதலைக்காகத் தன் எசமானனுக்கு ஈடு செலுத்திய கணக்கு உலக வரலாற்றில் இதற்கு இணையாக வேறொன்று உண்டோ என அறியேன்.

1915 முதல் 1934 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கடற்படை வீரர் நாட்டை ஆண்டனர். அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் நிலைத்து நின்றது அவர்கள் பயிற்றுவித்த இராணுவமே. அவ்விராணுவம் அயலாருடன் போரிட்டதைவிடத் தன் மக்களையே அடக்கியாண்டதும், தலைவர்களை ஏற்றியிறக்கியதும் மிகுதி. 1957-இல் ஆட்சிக்கு வந்த பிரான்ஸ்வா டூவாலியே என்னும் மருத்துவர் இராணுவத்தையும் நம்பாமல் ‘டோன்டோன் மக்கூட்’ என்னும் தம் சொந்த அடியாட்படையைத் திரட்டினார். 1971-இல் அவர் இறந்தபின் பத்தொன்பது வயதினனாகிய மகன் பட்டத்துக்கு வந்தான். 1986 பிப்ரவரியில் மக்கள் எழுச்சியால் மகனும் நாட்டைவிட்டு ஓடினான்.

இந்நாட்டுத் திருச்சபையைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பான்மையோர் உரோமன் கத்தோலிக்கர். எனினும் ஆங்கிலேய மெதடிஸ்ட் ஊழியர் 1817-லேயே வந்து சேர்ந்தனர். 1861-இல் ஜேம்ஸ் தியோடர் ஹாலி என்னும் கறுப்பின அமெரிக்கக் குருவானவர் நூற்றுக்கு மேற்பட்டோருடன் குடியேறி வந்தார். காய்ச்சலும் நோயும் அவர்களுட் பலரை விரைவில் கொண்டுபோயின. ஹாலி தம் மனைவியையும் தாயையும் இரு பிள்ளைகளையும் அங்கே அடக்கம் செய்தார். அவர் திரும்பிப் போகவில்லை. 1874-இல் பேராயராக அருட்பொழிவு பெற்று இறுதிவரை அங்கேயே ஊழியம் புரிந்தார். வெளியிலிருந்து வந்தோர் எல்லாரும் படையோடு வந்தவரல்லர் என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறேன்.

குருவானவர் தலைவரானது

ஷான் பெர்த்ரான் அரிஸ்டீட் 1953-இல் பிறந்தவர். சலேசிய சபையைச் சேர்ந்தவராய் 1982-இல் குருத்துவம் பெற்றவர். தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்ஸில் லா சலீன் என்னும் சேரியின் விளிம்பிலிருந்த புனித ஜான் போஸ்கோ ஆலயம் அவருடைய பீடம். ஏழையர் பேசும் கிரியோல் மொழியில், விடுதலை இறையியலின் சாயலில் அவர் ஆற்றிய அருளுரைகளைக் கேட்கத் திரளான மக்கள் கூடினர். 1988 செப்டம்பர் 11-ஆம் நாள் ஞாயிறு வழிபாட்டின் நடுவே ஆயுதந்தாங்கியோர் புகுந்து வழிபடுவோரைச் சுட்டும் வெட்டியும் கொன்று, ஆலயத்தைத் தீக்கிரையாக்கினர். அரிஸ்டீட் உயிர் தப்பினார். அதே ஆண்டின் இறுதியில் சலேசிய சபை, அரசியலில் அளவு கடந்து ஈடுபடுகிறார் என்று கூறி, அவரைத் தன்னிடமிருந்து நீக்கியது.

1990 டிசம்பர் 16-இல் நடந்த தேர்தலில் அவர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்றார். 1991 பிப்ரவரி 7-இல் பதவியேற்றார்; செப்டம்பர் 30-இல் ஜெனரல் ரவூல் செட்ரா தலைமையில் இராணுவம் அவரைக் கவிழ்த்தது. எட்டு மாதங்கள்கூட நிறைவுறவில்லை. அதன்பின் மூன்றாண்டுகள் இராணுவமும் அதன் துணைக்குழுக்களும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன; பல்லாயிரவர் சிறு படகுகளில் ஏறிக் கடலில் இறங்கினர்.

முதல் தலையீடு

உலக நாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. 1993 ஜூலையில் நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி அக்டோபர் மாதம் இருநூறு அளவிலான அமெரிக்க, கனடியப் பயிற்சியாளரை ஏற்றிய ‘ஹார்லன் கவுண்டி’ என்னும் கப்பல் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்துக்கு வந்தது. கரையில் ஒரு சிறு கூட்டம் கூச்சலிட்டு மிரட்டியது. சில நாட்களுக்கு முன்புதான் சோமாலியாவின் மொகடிஷு நகரில் பதினெட்டு அமெரிக்க வீரர் மாண்டிருந்தனர். கப்பல் கரை சேராமலே திரும்பிற்று. துறைமுகத்தில் கூச்சலிட்டோரின் வெற்றிக்கு அடுத்த ஓராண்டில் ஹெய்ட்டி மக்கள் கொடுத்த விலை மிகப் பெரிது.

1994 ஜூலை 31-இல் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 940-ஆம் தீர்மானம், கவிழ்க்கப்பட்ட சட்டபூர்வமான தலைவரை மீண்டும் அமர்த்துவதற்குத் தேவையான வழிகள் யாவற்றையும் பயன்படுத்த உறுப்பு நாடுகளுக்கு இசைவளித்தது. உள்நாட்டில் கவிழ்ந்த மக்களாட்சியை நிலைநாட்டப் படையெடுக்கலாம் என்று அச்சபை இசைந்தது அதற்கு முன் கேள்விப்படாதது. செப்டம்பர் 18-இல் முன்னாள் அமெரிக்கத் தலைவர் கார்ட்டர் போர்ட்-ஓ-பிரின்ஸில் பேச்சு நடத்திக்கொண்டிருக்கையிலேயே விமானங்கள் புறப்பட்டுவிட்டன. இறுதி நேரத்தில் இராணுவம் இணங்கியதால் ஏறத்தாழ 20,000 வீரர் எதிர்ப்பின்றி இறங்கினர். அக்டோபர் 15-இல் அரிஸ்டீட் திரும்பினார். 1995 மார்ச் இறுதியில் அமெரிக்கப்படை தன் பொறுப்பை ஐக்கிய நாடுகள் படையிடம் ஒப்படைத்தது.

சம்மதம் என்னும் வினாவுக்கு இங்கே தெளிவான விடை இருந்தது. மக்களால் தெரிந்தெடுக்கப்பட்டவர் அழைத்தார்; படை வந்தது. ஆனால் அழைத்தவர் முன்னிருந்த நிலையில் திரும்பவில்லை. நாடு கடந்திருந்த மூன்றாண்டுகளும் அவருடைய ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் கழிந்தவையாகவே கருதப்பட்டன. பொருளாதாரத் துறையில் கடன் தரும் நிறுவனங்களின் திட்டத்தை ஏற்கவேண்டியதாயிற்று. இறக்குமதியாகும் அரிசியின்மீதான வரி நூற்றுக்கு 35-இலிருந்து 3-ஆகக் குறைக்கப்பட்டது. ஆர்ட்டிபோனிட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெல் பயிரிட்டு வந்த குடியானவர்கள் அமெரிக்க அரிசியின் விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் நொடித்தனர். அமெரிக்கத் தலைவராயிருந்து இதனை ஊக்கிய கிளின்டன் 2010 மார்ச்சில் தம் நாட்டு மேலவைக் குழுவின்முன் இது பிழையென்றும், அதன் விளைவோடு தாம் நாள்தோறும் வாழவேண்டியுள்ளது என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த ஆற்றின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

அரிஸ்டீட் தாமே எடுத்த முடிவு ஒன்றும் உண்டு. 1995-இல் அவர் இராணுவத்தைக் கலைத்தார். தம்மைக் கவிழ்த்த படையைக் கலைத்தது குற்றமன்று. ஆனால் கலைக்கப்பட்டோரின் துப்பாக்கிகளைத் திரட்டியெடுக்கும் வேலையை வந்திருந்த படைகள் முழுமையாகச் செய்யவில்லை. புதிய காவல்துறை சில மாதப் பயிற்சியோடு தெருவில் இறக்கப்பட்டது. பன்னாட்டுப்படை சுருங்கிச் சுருங்கி வெளியேறியது. வேலையிழந்த படைவீரனும் அவன் கையிலிருந்த ஆயுதமும் நாட்டிலேயே இருந்தன.

மூன்று நாட்கள்

அரிஸ்டீட் குருத்துவத்தைத் துறந்து 1996-இல் திருமணம் செய்துகொண்டார். 2000 நவம்பர் தேர்தலில் மீண்டும் வென்று 2001 பிப்ரவரியில் பதவியேற்றார். இம்முறை அவர் பழைய அரிஸ்டீட் அல்லர் என்பாரும் உளர். 2000 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் வாக்குகளைக் கணக்கிட்ட முறையைப் பன்னாட்டு நோக்கர் குறைகூறினர். எதிர்க்கட்சிகள் தலைவர் தேர்தலைப் புறக்கணித்தன. வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டது. அவருடைய ஆதரவாளர் என்று சொல்லிக்கொண்ட சேரிக் கும்பல்கள் ஆயுதமேந்தித் திரிந்ததையும் மறைப்பதற்கில்லை. அவரைத் தீர்க்கதரிசியாகவே வரைந்துகாட்டும் நூல்களும், கொடுங்கோலராகவே வரைந்துகாட்டும் நூல்களும் ஒன்றுக்கொன்று பதில் கூறுவதிலேயே காலத்தைக் கழித்துவிட்டன.

2004 பிப்ரவரியில் கொனாயீவ் நகரில் கிளர்ச்சி எழுந்தது. கலைக்கப்பட்ட இராணுவத்தின் பழைய வீரரும், 1990-களில் கொலைக் குழுக்களை நடத்தியோரும் எல்லை தாண்டி வந்து அதில் சேர்ந்தனர். பிப்ரவரி 26-ஆம் நாள் கரிபிய நாடுகளின் கூட்டமைப்பு பாதுகாப்புச் சபையின்முன் வந்து, சட்டபூர்வமான அரசு நிலைத்திருக்கையிலேயே பன்னாட்டுப்படையை உடனே அனுப்புமாறு வேண்டிற்று. சபை அறிக்கை ஒன்றை வெளியிட்டதோடு நின்றது. படை அனுப்பவில்லை. பிப்ரவரி 29-ஆம் நாள் விடியற்காலையில் அரிஸ்டீட் அமெரிக்க விமானத்தில் நாட்டைவிட்டு மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தாம் கடத்தப்பட்டதாக அவர் கூறினார். அவரே பதவி விலகினார் என அமெரிக்க அரசு கூறிற்று. உச்ச நீதிமன்றத் தலைவர் இடைக்காலத் தலைவராகப் பதவியேற்றார். அதே நாளில் பாதுகாப்புச் சபை கூடி, ஒருமனதாக 1529-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிப் படைக்கு இசைவளித்தது.

இம்மூன்று நாட்களையே இவ்வரலாற்றின் மையமாக நான் கருதுகிறேன். வியாழக்கிழமையன்று இயலாதிருந்தது ஞாயிற்றுக்கிழமையன்று இயன்றது. இடையில் மாறியது ஒன்றே: சம்மதம் தரவேண்டியவர் மாறிவிட்டார். 1994-இல் தெரிந்தெடுக்கப்பட்ட தலைவரை மீண்டும் அமர்த்தச் சென்ற அதே சபை, 2004-இல் அவர் அகன்றபின் எழுந்த ஒழுங்கை நிலைப்படுத்தச் சென்றது. கரிபிய நாடுகள் அவர் அகன்ற விதத்தைப் பற்றி விசாரணை கோரின. அப்படியொரு விசாரணை நடத்தப்படவேயில்லை.

நிலைப்படுத்தும் பணி

முதலில் அமெரிக்க, பிரெஞ்சு, கனடிய, சிலி நாட்டுப் படைகள் மூன்று மாதங்கள் இருந்தன. 2004 ஏப்ரல் 30-இல் நிறைவேறிய 1542-ஆம் தீர்மானம் 6,700 படைவீரரும் 1,622 காவலரும் கொண்ட ஐக்கிய நாடுகள் பணியை நிறுவியது. ஜூன் மாதம் பணி தொடங்கிற்று. படைத்தலைமை பிரேசில் நாட்டுக்கு. இப்பணிக்கு ஒரு விசித்திரம் உண்டு. அங்கே போரிட்டு ஓய்ந்த இருதரப்பாரில்லை. காக்கவேண்டிய உடன்படிக்கை எதுவும் கையெழுத்தாகவில்லை. ஆகவே படையின் வேலை பெரும்பாலும் நகரச் சேரிகளில் கும்பல்களை அடக்கும் காவல் வேலையாயிற்று. அச்சேரிகளோ அரிஸ்டீட்டுக்கு வாக்களித்தவை.

2005 ஜூலை 6-ஆம் நாள் ‘சூரிய நகரம்’ எனப் பொருள்படும் சிட்டே சொலேய் சேரியில் நடந்த தாக்குதலில் ஒரு கும்பல் தலைவனைப் பிடிக்கவென்று சென்ற படை 20,000-க்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டது. தகரத்தாலும் மெல்லிய சுவராலும் ஆன குடிசைகள் தோட்டாவைத் தடுக்குமோ? பெண்களும் குழந்தைகளும் மாண்டதாக அங்குள்ளோர் கூறினர். படை தன் தோட்டாக்களை எண்ணிக் கணக்கு வைத்தது. மாண்டோர் இத்தனை பேர் என்று யாரும் முடிவாகக் கூறவில்லை.

நன்மை எதுவுமே விளையவில்லை என்று எழுதுவது நேர்மையாகாது. 2006 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அரிஸ்டீட்டின் முன்னாள் பிரதமரான ரெனே ப்ரெவால் வென்றார். தெரிந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவரின் சம்மதம் அதன்பின் கிடைத்தது. 2007-க்குப் பிறகு தலைநகரில் ஆட்கடத்தல் குறைந்தது. 2010 ஜனவரி 12-ஆம் நாள் நிலநடுக்கத்தில் தலைநகர் இடிந்தபோது, பணியின் தலைவர் ஹெடி அன்னாபி உட்பட ஐக்கிய நாடுகள் ஊழியர் 102 பேர் இடிபாடுகளில் மாண்டனர். கத்தோலிக்கப் பேராயர் ஜோசப் செர்ஜ் மியோவும் அன்று இறந்தார். காப்பாற்ற வந்தவரும் காப்பாற்றப்பட வேண்டியவரும் ஒரே புழுதியில் கிடந்தனர்.

வேறொரு செய்தியையும் இங்கு எழுதியாக வேண்டும். அது நமக்கு அண்மையிலுள்ளது. 2007 நவம்பரில் ஹெய்ட்டியிலிருந்த இலங்கைப் படைப்பிரிவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின்பேரில் திருப்பியனுப்பப்பட்டனர். பாதிக்கப்பட்டோருள் சிறுவரும் சிறுமியரும் இருந்தனர். பட்டினியே அவர்களைப் பாளையத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தது. ஐக்கிய நாடுகள் விதிப்படி வீரரை விசாரிக்கும் அதிகாரம் அவரவர் நாட்டுக்கே உரியது. பத்தாண்டு கழித்துச் செய்தியாளர் தேடியபோது, அவர்களுள் ஒருவரும் சிறைக்கு அனுப்பப்பட்டதாகத் தெரியவில்லை. தாயகத்தில் தமிழ் மக்கள் அக்காலத்தில் அதே இராணுவத்தைப் பற்றிக் கூறிவந்த முறையீடுகளைக் கேட்டறிந்த வாசகர், இங்கே சற்று நிற்பார்.

ஆற்றங்கரைப் பாளையம்

2010 அக்டோபரில் நேபாள நாட்டிலிருந்து புதிய படைப்பிரிவு வந்தது. நாட்டின் நடுப்பகுதியில் மிர்பலே என்னும் ஊருக்கருகே, மேயே என்ற ஓடையின் கரையில் அவர்களுடைய பாளையம் இருந்தது. நேபாளத்தில் அவ்வாண்டு காலரா பரவியிருந்தது. வீரர் மனமறிந்து தீங்கு செய்தவரல்லர். நோய்க்கிருமி அறிகுறியின்றியே உடலில் தங்கக்கூடியது. பாளையத்தின் கழிவுகளை ஒப்பந்தக்காரர் அகற்றவேண்டும் என்பது ஏற்பாடு. கழிவுக் குழிகளும் குழாய்களும் ஒழுங்காக அமைக்கப்படவில்லை. மலக்கழிவு ஓடையில் கலந்தது. ஓடை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் விழுகிறது. அதே நெற்பள்ளத்தாக்கில் மக்கள் வாய்க்கால் நீரைக் குடித்தனர், அதில் குளித்தனர், நாற்று நட்டனர்.

ஒரு நூற்றாண்டாகக் காலரா பதிவாகாத நாடு அது. ஆகவே மக்களின் உடலில் எதிர்ப்பாற்றல் சிறிதுமில்லை. காலையில் வயலுக்குப் போனவன் மாலையில் இறந்தான். ஆண்டு முடிவதற்குள் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, ஏறத்தாழ 10,000 பேர் இறந்ததாக அரசுக் கணக்குகள் கூறும். பதிவேட்டில் ஏறாமல் மலைக் கிராமங்களில் புதைக்கப்பட்டோர் இதில் சேரார்.

ஹெய்ட்டி அரசின் வேண்டுகோளின்படி பிரெஞ்சு நோய்ப்பரவல் ஆய்வாளர் ரெனோ பியாரூ நவம்பரில் வந்து, நோய் எவ்வூரில் எந்நாளில் முதலில் தோன்றியது என்பதை ஊர் ஊராகக் குறித்து, ஆற்றின் போக்கில் மேலேறிச் சென்று, பாளையத்தின் வாசலில் நின்றார். 2011-இல் கிருமியின் மரபணுவை ஆய்ந்தோர் நேபாளத்துக் கிருமியும் ஹெய்ட்டியின் கிருமியும் ஒன்றே எனக் காட்டினர். பொதுச் செயலாளர் அமர்த்திய நால்வர் குழு 2011 மே மாதம் அளித்த அறிக்கையோ, சான்றுகளை எல்லாம் அடுக்கிவிட்டு, இது பல சூழ்நிலைகள் கூடியதால் நேர்ந்தது, எவருடைய தவறென்றும் கூறவியலாது என முடித்தது. அக்குழுவினரே இரண்டாண்டு கழித்து, அப்பாளையமே பெரும்பாலும் காரணம் என எழுதினர்.

உபாகமம் 21-ஆம் அதிகாரத்திலுள்ள சட்டம் நம் மாணவர் அறிந்ததே. வெளியிலே கொலையுண்ட ஒருவனின் உடல் கிடந்து, கொன்றவன் யாரெனத் தெரியாவிடில், மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப்போய்ச் சுற்றுமுள்ள பட்டணங்களுக்கான தூரத்தை அளக்கவேண்டும். மிக அருகிலுள்ள பட்டணத்து மூப்பர் ஒரு பள்ளத்தாக்குக்கு இறங்கிவந்து கைகழுவ வேண்டும். அப்பள்ளத்தாக்கைக் குறிக்கும் எபிரெயச் சொல் வற்றாத நீரோடை என்றும் பொருள்படும். தம் கைகள் அவ்வுதிரத்தைச் சிந்தவில்லை என்று சொல்வதற்கே அவர்கள் வருகின்றனர், ஆயினும் வரவேண்டும். இச்சட்டம் தேடுவது குற்றவாளியை அன்று, பொறுப்பேற்பவரை. பியாரூ தூரத்தை அளந்து கொடுத்தார். மூப்பர் வரவில்லை.

2011 நவம்பரில் ஏறத்தாழ 5,000 பேர் சார்பில் ஈடு கோரும் மனுக்கள் பணியிடம் அளிக்கப்பட்டன. 2004 ஜூலையில் இடைக்கால அரசோடு ஐக்கிய நாடுகள் செய்த உடன்பாட்டில், இத்தகைய முறையீடுகளைக் கேட்க நிலையான ஆணையம் அமைக்கப்படும் என்று எழுதியிருந்தது. அவ்வாணையம் அமைக்கப்படவேயில்லை. 2013 பிப்ரவரியில், மனுக்கள் ஏற்கத்தக்கன அல்ல என்ற பதில் வந்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கை தரும் சட்ட விலக்குரிமையைக் காட்டி 2015 ஜனவரியில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு மன்றமும் அதையே உறுதிசெய்தது. பிற நாடுகளில் சட்டத்தின் ஆட்சியைக் கற்பிக்கச் சென்ற நிறுவனம் தன்மீதான வழக்கில் சட்டத்திற்கு அப்பால் நின்றது. இந்த நிலையை அறத்துக்கும் சட்டத்துக்கும் ஒவ்வாதது என்று கண்டித்தவர் ஐக்கிய நாடுகள் தானே அமர்த்திய மனித உரிமை வல்லுநர் பிலிப் ஆல்ஸ்டன்.

2016 டிசம்பர் 1-ஆம் நாள் பொதுச் செயலாளர் பான் கி-மூன், பதவி முடியும் மாதத்தில், பொதுச் சபையில் நின்று ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். முதலில் கிரியோல் மொழியிலேயே பேசினார். அதனை இலேசாக எண்ணக்கூடாது. ஏழையின் மொழியில் கேட்கப்பட்ட மன்னிப்புகள் உலக வரலாற்றில் அரியவை. ஆனால் சொற்களைக் கூர்ந்து நோக்கினால், நோய் தோன்றியதிலும் பரவியதிலும் போதிய அளவு செய்யவில்லை என்பதற்கே வருத்தம் தெரிவிக்கப்பட்டது. நாங்கள் கொண்டுவந்தோம் என்பது சொல்லப்படவில்லை. இரண்டாண்டுகளுக்கு 40 கோடி டாலர் திரட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாடுகள் மனமுவந்து தரவேண்டிய நிதி அது. வந்து சேர்ந்தது மிகச் சிறு பங்கே. பணியின் படைப்பிரிவு 2017 அக்டோபரில் வெளியேறியது.

அதன்பின்

2021 ஜூலை 7-இல் தலைவர் ஷோவ்னெல் மோயீஸ் தம் இல்லத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். தெரிந்தெடுக்கப்படாத பிரதமர் ஒருவர் 2022 அக்டோபரில் வெளிநாட்டுப்படையை அழைத்தார். பழைய வினா மறுபடியும் எழுந்தது. அழைக்க அவருக்கு அதிகாரம் உண்டோ என்று தெருக்களில் ஊர்வலங்கள் கேட்டன. மூன்றாண்டுக்கும் மேலாக மறைந்திருந்த காலராவும் அதே மாதம் திரும்பி வந்தது. 2023 அக்டோபரில் 2699-ஆம் தீர்மானம் கென்யா தலைமையிலான பன்னாட்டுப் பணிக்கு இசைவளித்தது; 2024 ஜூனில் முதற் காவலர் வந்திறங்கினர். 2025 செப்டம்பர் 30-இல் அப்பணியை இன்னும் பெரியதொரு படையாக மாற்றும் தீர்மானமும் நிறைவேறியது.

2699-ஆம் தீர்மானத்தில் படையின் அதிகாரங்களைக் கூறும் பத்திகளுக்கிடையே சிறியதொரு வாசகம் உண்டு. படையினர் தம் பாளையங்களின் கழிவுநீரை முறையாக அகற்றி, நீரால் பரவும் நோய்கள் நாட்டிற்குள் நுழையாமலும் பரவாமலும் காக்கவேண்டும் என்பது அது. ஏன் என்று அங்கே எழுதப்படவில்லை. மேயே ஓடையின் கரையில் வாழ்வோருக்கு அது எழுதப்பட வேண்டியதுமில்லை.